நானூற்றுப் பன்னிரண்டு புளியமரங்கள்

அத்தியாயம் 9

ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு ஜவ்வாது மலையைப் பார்ப்பதற்கு முப்பது கண்ணாடிக் கருவிகள் வாங்கியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை சும்மாவே தெரியும். ஆனால் ஜன்னலுக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை.

காவலூருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் இருந்தது அந்த உறைவிடப் பள்ளி. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் பைக்கை நிறுத்தியபோது ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசல் பேனரில் டாக்டர் விஜயராஜ் இரண்டு ஆள் உயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றார். தலைக்கு மேல், 'மெய்நிகர் மலையின் தந்தை' என்று எழுதியிருந்தது.

"மலைக்கு அப்பா பேர் போட்டுட்டாங்க மேடம். அம்மா பேர் போடலியே?" என்றேன்.

"அப்பாவே அந்த ஆள் இல்லைன்னு நிரூபிக்கத்தான் நம்மள கூப்பிட்டிருக்காங்க, இளவரசு. வாங்க."

என் பெயர் இளவரசன். வயது நாற்பத்தாறு. தலையில் முடியும் இல்லை, ஆள நாடும் இல்லை. வேலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனைத் துப்பறியும் தொழிலுக்கு இழுத்து வந்தவர் கல்பனா மேடம். அவர் முன்பு மாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். செத்த மாட்டுக்கும் செத்ததாகச் சொல்லப்படும் மாட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனிதர்கள் அதைவிடச் சுலபம் என்பார்.

எங்கள் கட்சிக்காரர் அஜய் வேப்பமரத்தடியில் நகம் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்துநாலு வயது. ஆரணிப் பக்கம். கண்ணில் கருவியை மாட்டினால் வேறொரு உலகத்துக்குள் நடக்க வைக்கும் மென்பொருள் எழுதுவதுதான் பன்னிரண்டு வருடமாக அவர் பிழைப்பு. ஒரு கல்லூரிக்கு வெடிக்காத வேதியியல் கூடம் செய்து கொடுத்தார். அதற்கு விருது வாங்கியவர் கல்லூரித் தாளாளர். நர்ஸுகள் ஊசி போட்டுப் பழக ஒரு நோயாளி செய்தார். அந்த நோயாளியோடு ஒரு டீன் போட்டோ எடுத்துக்கொண்டு வெளிநாடு போய் வந்தார். கருவி போட்டால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று ஒரு ஆராய்ச்சியும் நடந்தது. பாதிப் பிள்ளைகளுக்குத் தலைவலி வந்தது என்று அஜய் எழுதிக் கொடுத்தார். 'ஆழ்ந்த அனுபவம்' என்று அறிக்கையில் அச்சாகியிருந்தது.

கடைசியாக டாக்டர் விஜயராஜின் அறக்கட்டளை. மலைப் பள்ளிக்கூடங்களுக்காக முழு ஜவ்வாது மலையையும் கருவிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அஜய் செய்து முடித்து, அடுத்த வேலைக்குப் போகக் கிளம்பியதும் டாக்டர் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். 'மலையை நான் 2023 டிசம்பரிலேயே செய்து முடித்தேன். 2024 ஏப்ரலில் ஒயர் சுருட்ட வந்த அஜய் அதைத் திருடிவிட்டான்.'

"நீங்கதான் செஞ்சீங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவு இருக்குமே?" என்று நான் முதல் நாளே கேட்டிருந்தேன்.

"எல்லாரும் ஒரே லாகின்தாண்ணே. டாக்டர் பேர்ல. நான் ராப்பகலா வேலை செஞ்சேன், கம்ப்யூட்டர் அவர் பேரையே எழுதிக்கிட்டு இருந்துச்சு."

ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்தில் அஜய்க்கு வேலை தயாராக இருந்தது. வழக்குப் பதிவானால் அது போச்சு. திருட்டுப் பட்டம் விழுந்தவனைப் பிறகு இந்தத் தொழிலில் யாரும் வாசலுக்குள்கூட விடமாட்டார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ஒரு நாள் பொறுத்தார். மாலை நாலு மணிக்கு விழா முடியும், முடிந்ததும் எஃப்.ஐ.ஆர். அதற்குள் ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

எங்களிடம் ஏழு மணி நேரம் இருந்தது. ஆதாரம்தான் இல்லை.

அந்தப் பள்ளியின் ஈஸ்வரி டீச்சர் எங்களுக்காகக் கண்ணாடி பீரோவைத் திறந்துவிட்டார். முப்பது கருவிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் புதுசாகவே இருந்தன.

"பசங்க போட்டுப் பாத்திருக்காங்களா டீச்சர்?"

"ரெண்டு தடவ பாத்தாங்க சார். ரெண்டு தடவயும் போட்டோ எடுக்கறவரு வந்திருந்தாரு. அவரு போனதும் பீரோவ பூட்டிடச் சொல்லிட்டாங்க."

கல்பனா மேடம் கருவியை மாட்டிக்கொண்டு காலி வகுப்பறையில் நடந்தார். திரும்பினார். குனிந்தார். கரும்பலகைக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கி எதையோ தாண்டினார். பார்த்தவர்கள் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். பத்து நிமிடம் கழித்துக் கருவியைக் கழற்றாமலே கேட்டார்.

"அஜய், மலையில எத்தன புளியமரம்?"

"நானூத்திப் பன்னெண்டு மேடம்."

"நானூத்திப் பன்னெண்டும் ஒரே மரமா இருக்கே?"

அஜய் முகம் சிவந்தது. "பதினோரு நாள்ல முழு மலையும் வேணும்னாரு. போன வருஷம் ஜூலைல ஜீப்ல படுத்து ஜீப்லயே எழுந்தேன். ஒரே ஒரு புளியமரத்தச் சுத்திச் சுத்தி முந்நூறு போட்டோ எடுத்து, அத வச்சு ஒரு மரம் செஞ்சேன். அதையே மலை பூரா நட்டுட்டேன்."

"ஒரு மரம் வச்சாலே பத்து பேர் நின்னு போட்டோ எடுப்பாங்க. நீங்க நானூறு வச்சுட்டுக் கமுக்கமா இருந்திருக்கீங்க" என்றேன்.

"அந்த மரம் எந்த ஊர்ல இருக்கு?" என்றார் மேடம்.

"தெரியல மேடம். ஆறாவது நாளோ, ஏழாவது நாளோ. அங்க ஒரு அம்மா வந்து, 'இன்னா தம்பி, மரத்த சுத்தறியே, வேண்டுதலா'ன்னு கேட்டாங்க. அவங்க சோத்துல பாதிய எனக்குப் போட்டாங்க. தின்னுக்கிட்டு இருக்கும்போதே டிரைவர் ஹார்ன் அடிச்சாரு. பாதில எழுந்து ஓடிட்டேன். பேருகூடக் கேக்கல."

"டிரைவர்?"

"இன்னும் டாக்டர்கிட்டதான் வேலை. அந்தப் பக்கமே வண்டி ஓட்டலன்றாரு. போட்டோ எடுத்த போனும் அறக்கட்டளையோடது. திருப்பி வாங்கிட்டாங்க."

மேடம் கருவியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். மலை என்னைச் சுற்றி வந்து நின்றது. எதிரே ஒரு புளியமரம். கிளையில் மஞ்சளாக ஒரு மொத்தை தொங்கியது.

"இன்னா மேடம் அது? குருவிக்கூடா?"

"கிட்டப் போய்ப் பாருங்க."

நடந்தேன். தூரத்தில் இருக்கும்வரை எல்லாம் மொழுக்கென்று தெரியும், நெருங்கினால்தான் கருவி நுணுக்கமான படத்தைக் காட்டும் என்று அஜய் பின்னால் இருந்து விளக்கினார். விலை குறைந்த கருவி மூச்சு வாங்காமல் ஓட அப்படி ஒரு ஏற்பாடாம். இரண்டு அடி தூரத்தில் மொத்தை தெளிந்தது. கூடும் இல்லை, குருவியும் இல்லை. மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுப்பார்களே, சாட்சாத் அதே பை. உள்ளே சோற்றுத் தூக்கு புடைத்துக்கொண்டிருந்தது.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நிவேதா... வெற்றிவேல்... அன்புடன் தங்கவேல், ஜெயம்மாள்... சந்தவாசல். தேதி மடிப்புக்குள்ள போயிடுச்சு மேடம்."

"இத ஏன் அழிக்காம விட்டீங்க?" என்று மேடம் அஜயைக் கேட்டார்.

"அழிக்க ஒரு நாள் ஆகும் மேடம். அந்த ஒரு நாள் என்கிட்ட இல்ல."

மேடம் சிரித்தார். செத்த மாடு வாலாட்டியதைப் பார்த்தால் இப்படித்தான் சிரிப்பார். "மடிப்புக்குள்ள இருக்கற தேதி நமக்கு வேணும். பைக்காரம்மாவும் வேணும். வண்டிய எடுங்க இளவரசு."

வாசலில் டாக்டர் விஜயராஜின் கார் வந்து நின்றது. இறங்கியதும் இறங்காததுமாகக் கருவியை மாட்டிக்கொண்டு வானத்தைக் காட்டிப் போட்டோவுக்கு நின்றார். முன்பக்க மூடியைக்கூடக் கழற்றவில்லை. மாட்டினால் அவருக்குத் தலை சுற்றும், எப்போதும் திரையில் தூர இருந்துதான் பார்ப்பார் என்று அஜய் முணுமுணுத்தார்.

"துப்பறியும் அம்மாவா? நாலு மணி வரைக்கும் மலையச் சுத்திப் பாருங்க. காத்து நல்லா இருக்கும்" என்றார் டாக்டர்.

"நெஜ மலையவா, உங்க மலையவா சார்?" என்றேன். அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி ஒரு காது அவருக்கு இருந்தது.

மலையிலிருந்து சந்தவாசல் இறங்குவதற்குள் என் இடுப்பு இரண்டு தடவை ராஜினாமா செய்தது. தங்கவேலின் மோட்டார் ரிப்பேர்க் கடையைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு நிமிடம்தான் ஆனது. அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நிவேதா விஷயமா வந்திருக்கோம்ங்க" என்று ஆரம்பித்தேன்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிப்போச்சுங்க. வேற வூடு பாருங்க."

என் வழுக்கையைப் பார்த்த பிறகும் என்னை மாப்பிள்ளை வீட்டாராக எண்ணியதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். மேடம் விஷயத்தைச் சொன்னதும் ஜெயம்மாள் எழுந்து உள்ளே போய் ஒரு கட்டு மஞ்சப்பையோடு வந்தார்.

"இன்னும் மூணு கட்டு கீதுங்க வூட்ல. 'ஆயிரம் அடிச்சாதான் மருவாதி'ன்னு இவருதான் சொன்னாரு. இப்ப மருவாதிய வச்சு மாவு சலிக்கறேன்."

புதுப் பையில் தேதி பளிச்சென்று இருந்தது. 09.06.2024, ஞாயிற்றுக்கிழமை.

டாக்டர் 2023 டிசம்பரில் மலையைச் செய்து முடித்தாராம். அவர் செய்த மரத்தில், ஆறு மாதம் கழித்து நடந்த கல்யாணத்தின் பை தொங்கியது.

"மலைலேர்ந்து கல்யாணத்துக்கு யாராவது வந்தாங்களாம்மா?" என்றார் மேடம்.

"ராணியம்மா ஒருத்திதான் வந்தாங்க. எங்களுக்கு வருஷா வருஷம் புளி போடறவங்க. மொத பஸ்ஸுக்கே வந்துட்டாங்க. காவலூருகிட்ட அந்த இஸ்கூல தாண்டி மண்ரோட்டுல போனா அவங்க வூடு."

நான் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "இஸ்கூல தாண்டியா? எவ்ளோ தூரம்?"

"கூப்புடு தூரம்தான்."

கூப்பிடு தூரத்தில் இருந்த அம்மாளைத் தேடி மலையை விட்டே இறங்கி வந்திருந்தோம். திரும்ப ஏறினோம். ராணியம்மாள் வீட்டை அடைந்தபோது மணி மூன்று. வாசலில் பூட்டு. பின்னால் கொல்லைமேட்டில் அந்தப் புளியமரம் நின்றிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்துவிட்ட மரம் என்பதால் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்து நிலத்தில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மாதையன் என்று பெயர் சொன்னார்.

"ராணியம்மாவா? அவங்கள வேன்ல இட்டுக்கினு போய்ட்டாங்களே. இஸ்கூலு பங்சனுக்கு மலைச்சனம் பத்து பேரு வேணும்னாங்க. என்னியும்தான் கூப்டாங்க. எனுக்கு வேல கீது."

நாங்கள் காலையிலிருந்து தேடும் சாட்சியை, டாக்டர் விஜயராஜே வேன் வைத்து அழைத்துப்போய், மாலை போட்டு, மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

நாங்கள் ஷாமியானாவுக்குள் நுழைந்தபோது டாக்டர் மேடையில் இருந்தார். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்றார். அவருக்குப் பக்கத்தில் அஜய், முகத்தில் ரத்தமே இல்லை. பெரிய திரையில் மெய்நிகர் மலை விரிந்திருந்தது, தூரத்திலிருந்து.

"இந்த மரங்களைப் பாருங்கள்!" டாக்டர் குரல் தழுதழுத்தது. "ஒவ்வொரு மரத்திலும் மஞ்சள் நிறத்தில் ஒரு கூடு தெரிகிறதல்லவா? உலகத்துக்கே தெரியாத மலைக்குருவியின் கூடு அது. 2023 டிசம்பர் குளிரில் நானே மரமேறிப் பார்த்தேன். உள்ளே மூன்று நீல முட்டைகள். நாற்பத்திரண்டு பக்கத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

"டாக்டர், எல்லா மரத்துலயும் ஒரே கிளையில கூடு இருக்கே, அது எப்படி?"

"அருமையான கேள்வி! அதுதான் இந்தப் பறவையின் தனித்தன்மை. வடகிழக்குக் கிளையைத் தவிர வேறெங்கும் கட்டாது. கட்டுரையில் பதினேழாம் பக்கம்."

அதிகாரி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அஜயும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"இந்த ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர் போட்டுப் பாக்கலாமே டாக்டர்? அவங்களுக்காகச் செஞ்சதுதானே" என்றார் மேடம்.

"தாராளமாக! அழைத்து வாருங்கள், அழைத்து வாருங்கள்" என்று டாக்டர் போட்டோகிராபரைத் தேடினார்.

மேடம் நேரே மூன்றாவது வரிசைக்குப் போய், மாலையோடு உட்கார்ந்திருந்தவர்களிடம், "ராணியம்மா யாருங்க?" என்றார். ஐம்பது வயது அம்மாள் ஒருவர் மடியில் இருந்த பொருளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஈஸ்வரி டீச்சர் கருவியை மாட்டிவிட்டார். இப்போது அந்த அம்மாள் பார்ப்பதெல்லாம் திரையிலும் ஓடியது.

"இன்னா கண்ணு, நம்ம மலையாட்டமே கீது" என்றபடி ராணியம்மாள் நடந்தார். மரம் நெருங்கியது. மஞ்சள் மொத்தை பெரிதானது. சட்டென்று நின்றார்.

"அய்ய, இது என் மரமாச்சே! பொந்து பாரு, அதே பொந்து." இன்னும் இரண்டடி வைத்தார். திரையில் மொத்தை தெளிந்து, கைப்பிடி முளைத்து, எழுத்து முளைத்தது. "இது என் மஞ்சப்பை! நிவேதா கல்யாணத்துல குடுத்தது. உள்ள தூக்குகூட கீது பாரு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராணியம்மாள் அடுத்த மரத்துக்குத் திரும்பினார்.

"இதுலயும் என் பை. அதோ, அதுலயும். இன்னாய்யா இது, ஒருத்தி சோத்துமூட்டய ஊரு பூரா மாட்டி வச்சிகிறீங்க?"

"அம்மா, பைய ஏன் அந்தக் கிளையில மாட்டினீங்க?" என்று மேடம் கேட்டார்.

"அந்தக் கெளதான் தாழ்வா கீது. வெயிலும் படாது, எறும்பும் ஏறாது. தெனம் அங்கதான் மாட்டுவேன்."

"பதினேழாம் பக்கம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மேடம் புதுப் பையை எடுத்து அதிகாரி முன்னால் மேசையில் விரித்தார். தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். "கல்யாணம் 2024 ஜூன் ஒன்பது. டாக்டர் மலையச் செஞ்சு முடிச்சது 2023 டிசம்பர்னு புகார்ல எழுதியிருக்கார். அஜய் படம் எடுத்தது 2024 ஜூலை."

டாக்டருக்கு வேர்த்தது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "சதி! திருடினவன் பிற்பாடு இந்தப் பையை உள்ளே சொருகியிருக்கிறான்!"

"அப்படியா?" என்றார் மேடம் சாந்தமாக. "பையச் சொருகினது அஜய்ன்னா, மரமேறி நீங்க பாத்த மூணு முட்ட எங்க இருந்துச்சு டாக்டர்?"

டாக்டர் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பைகளைத் தடவினார்.

அதிகாரி மெல்ல எழுந்து மேசையிலிருந்த நாற்பத்திரண்டு பக்கக் கட்டுரையைக் கையில் எடுத்தார். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். இன்ஸ்பெக்டர் புகார்க் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அஜய் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட வாங்கி வச்ச லேப்டாப் ஸ்டேஷன்ல இருக்கு தம்பி. காலையில வந்து வாங்கிக்கங்க. டாக்டர், நீங்க இப்பவே கொஞ்சம் வர்றீங்களா? பேச வேண்டியிருக்கு." போகும் வழியில்கூட டாக்டர் நிருபர் ஒருவரிடம், பறவை இடம்பெயர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லிக்கொண்டே போனார்.

ராணியம்மாள் கருவியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். எதிரே நின்ற அஜயைப் பார்த்தார். மறுபடியும் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"அடப்பாவி தம்பி, நீயா? மரத்த கிறுகிறுன்னு சுத்தினியே, அந்த ஆளுதான நீ? இந்த மரத்தயெல்லாம் செஞ்சது நீதானா?"

அஜய் ஆமாம் என்று தலையை ஆட்டப் பார்த்தார். அதற்குள் அழுதுவிட்டார். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் அழுகிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு வரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் எத்தனை கல்வெட்டு, எத்தனை கேடயம், எத்தனை பேனர். செஞ்சது நீதானா என்று ஒரு ஆள் அவரைக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கும் மூக்கு எரிந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மேடத்திடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

"அஜய், அந்தப் பைய மட்டும் அழிச்சுடாதீங்க" என்றார் மேடம்.

"மாட்டேன் மேடம். என் பேர எங்கயும் போட விடல. அது ஒண்ணாவது இருக்கட்டும்."

ராணியம்மாளுக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. மூன்றாவது வரிசைக்குப் போய், தான் எழுந்து வந்த நாற்காலியிலிருந்து எதையோ எடுத்து வந்தார். சாயம் போய், கைப்பிடியில் ஒட்டுப்போட்ட மஞ்சப்பை. நிவேதா, வெற்றிவேல். விழாவென்றால் சோறு நேரத்துக்கு வராது என்று தெரிந்து கையோடு கொண்டுவந்திருக்கிறார். தூக்கைத் திறந்தார். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் இருந்தன.

"அன்னிக்கி பாதி சோத்துல எழுந்து ஓடினியே, எனுக்கு ரெண்டு நாளு மனசே சரியில்ல" என்றார். நாற்காலியை இழுத்து அஜய் பக்கம் போட்டார். "இன்னிக்கி எவன் ஹார்ன் அட்ச்சாலும் எழுந்துக்காத. குந்தி துன்னு."